நூற்றுக்கு எத்தனை? எந்த நூற்றுக்கு?

(தைப்பிங்கில் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது கணக்கு. கணக்கு கிராணியின் வேலை, கத்தி பிடிப்பவனுக்கு அது எதற்கு என்று யாரும் எண்ண வேண்டாம். கூலியை ஏற்றுவதும் இறக்குவதும் சதவிகிதத்தில்தான் பேசப்படுகிறது. அது தெரியாதவன் பேச்சுவார்த்தையில் வாயடைத்து நிற்பான்.

சதவிகிதம் என்றால் நூற்றுக்கு இத்தனை, அவ்வளவுதான். ஆனால் எதை நூறாக வைத்துக் கணக்கிடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

நம் சரித்திரத்தையே பாருங்கள். 1930-க்கு முன் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் இந்தியத் தொழிலாளிக்கு நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகமெங்கும் வியாபாரம் மந்தமாகி ரப்பர் விலை விழுந்தது. 1930-இல் நூற்றுக்கு 20 வெட்டினார்கள். ஆணுக்கு 40, பெண்ணுக்கு 32 என்றாயிற்று.

இப்போது ஒரு கேள்வி. வெட்டியது 20 சதவிகிதம். அதே 20 சதவிகிதத்தைத் திருப்பிக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடுமா? ஆகாது, தோழர்களே! வெட்டும்போது நூறாக வைத்தது 50 காசை. ஏற்றும்போது நூறாக வைப்பது 40 காசை. நாற்பதில் 20 சதவிகிதம் 8 காசுதான். கூலி 48-இல் நின்றுவிடும். பழைய ஐம்பதைத் தொட 25 சதவிகிதம் ஏற்ற வேண்டும். "இறக்கிய அளவே ஏற்றிவிட்டோம்" என்று யாராவது சொன்னால், அந்த 2 காசு எங்கே என்று கேளுங்கள். பெண்ணின் 32 காசுக்கும் இதே கணக்குத்தான்.

பல ஏற்ற இறக்கங்களுக்குப் பின் 1937-இல்தான் 50 காசு திரும்பியது. மறு ஆண்டே அதை 45 ஆக்கினார்கள். நூற்றுக்குப் பத்துத்தானே என்று சொல்லலாம். ஆனால் அந்தப் பத்தைப் பொறுக்காமல்தான் இந்திய அரசாங்கம் 1938 ஜூன் மாதத்தில் மலாயாவுக்கு ஆள் அனுப்புவதையே தடை செய்தது.

அடுத்து, நம் பால் கொட்டகைக்கு வருவோம். ஒருவர் 20 கிலோ பால் கொண்டு வருகிறார். அதில் உலர்ந்த ரப்பர் நூற்றுக்கு 35 என்று வைத்துக்கொள்வோம். கிடைப்பது 7 கிலோ. தைப்பிங் மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பாலில் 5 கிலோ மழைத் தண்ணீர் கலந்துவிட்டால் எடை 25 கிலோ ஆகும். சதவிகிதம் 28-க்கு இறங்கும். ரப்பரோ அதே 7 கிலோதான். ஆனால் தண்ணீரே கலக்காத 20 கிலோவில் 28 சதவிகிதம் என்று கண்டால் அது 5.6 கிலோ, உண்மையான நஷ்டம். ஆகவே சதவிகிதத்தை மட்டும் பார்த்தால் போதாது. எடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டையும் செக்ரோலில் ஒழுங்காக எழுதும் கிராணி தொழிலாளிக்குப் பெரிய உபகாரம் செய்கிறார்.

இன்னொரு குழப்பம். 35 சதவிகிதம் 28 ஆனால் குறைந்தது ஏழா, இருபதா? இரண்டும் சரி. புள்ளிக் கணக்கில் 7. முன்பிருந்த முப்பத்தைந்தை நூறாக வைத்தால் 20. சேமநிதியும் இப்படியே. 1952-இல் சந்தா தொடங்கியபோது தொழிலாளியிடம் பிடித்தது நூற்றுக்கு 5. இன்று 60 வயதுக்குட்பட்ட குடிமக்களிடம் பிடிப்பது 11. உயர்ந்தது 6 புள்ளி என்றால் சிறிதாகத் தோன்றும். இரு மடங்குக்கு மேல் என்றால் பெரிதாகத் தோன்றும். பேசுகிறவர் தமக்குச் சாதகமானதையே சொல்வார். நாம் இரண்டையும் கேட்க வேண்டும்.

கடைசியாக, எந்த ஆண்டிலிருந்து எண்ணுகிறோம் என்பது. தீபகற்பத்தில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2013-இல் 900 வெள்ளி, 2022-இல் 1,500, 2025-இல் 1,700. 2022-லிருந்து எண்ணினால் உயர்வு 13 சதவிகிதத்துக்குச் சற்று மேல். 2013-லிருந்து எண்ணினால் ஏறக்குறைய 89. இரண்டிலும் பொய் இல்லை. ஆனால் சம்பளத்தை எந்த ஆண்டிலிருந்து எண்ணுகிறோமோ, அரிசி, மீன், பஸ் கட்டணம் எல்லாவற்றையும் அதே ஆண்டிலிருந்துதான் எண்ண வேண்டும். சம்பளம் நூற்றுக்குப் பத்து ஏறி, கடைக்கணக்கும் நூற்றுக்குப் பத்து ஏறினால், வீட்டுக்கு வந்த லாபம் ஒன்றுமில்லை.

தோழர்களே! இனி யார் சதவிகிதம் சொன்னாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எதில் சதவிகிதம்? எந்த ஆண்டிலிருந்து? கையில் வருவது எத்தனை வெள்ளி? இந்த மூன்றையும் உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். கணக்குத் தெரிந்த தொழிலாளியை ஏமாற்றுவது கடினம்.