மூளைக்குள் ஒரு ரிலே



சப்-ஸ்டேஷனில் ரிலே பார்க்கிறவனுக்கு மரபணுவோடு என்ன வேலை என்று பயோடெக்னாலஜி துறையினர் சிரிப்பது தெரிகிறது. என் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது டாக்டர் சொன்னார்: "அடைப்பு விழுந்த இடத்தில் செல்கள் செத்துவிட்டன. சுற்றி இருப்பவை உயிரோடு இருக்கின்றன. ஆனால் அடுத்த சில நாளில் அவற்றிலும் பல சாகலாம்." ரத்தம் திரும்பி வந்த பிறகும் ஏன் சாக வேண்டும்? அதைத் தேடித்தான் படிக்க ஆரம்பித்தேன்.

அந்தச் சாவில் பி53 என்ற மரபணுவுக்கும் பங்கு உண்டு. இதன் புரதத்தை 1979-இல் கண்டுபிடித்தபோது புற்றுநோயை வளர்ப்பது என்றே நினைத்தார்கள். அதைத் தடுப்பது என்று 1989-இல்தான் தெளிவாயிற்று. மனிதரின் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்த மரபணு பழுதாகியிருக்கிறது. (53 என்பது புரதத்தின் எடை, ஆயிரம் டால்டன் கணக்கில். சரியாகப் பார்த்தால் 44 தானாம்; பெயர் மட்டும் நிலைத்துவிட்டது!)

வேலை நம்ம ரிலே மாதிரிதான். டி.என்.ஏ. அடிபட்டால், ரிப்பேர் ஆகும்வரை செல் பிரிவதை நிறுத்தும். ஆகாது என்றால் டிரிப். பாக்ஸ், பூமா என்ற புரதங்களைக் கிளப்பிவிடும். அவை செல்லின் பவர் ஹவுஸான மைட்டோகாண்ட்ரியாவில் ஓட்டை விழச் செய்யும். உள்ளிருந்து கசியும் சைட்டோகுரோம்-சி, காஸ்பேஸ் என்சைம்களை முடுக்கிவிடும். செல் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும். தோல் செல் என்றால் நஷ்டமில்லை, அடுத்தது வந்துவிடும். நரம்பு செல் பிரிவதே இல்லை. போனால் போனதுதான். ஆனாலும் பக்கவாதத்தில் டி.என்.ஏ. அடிபட்டதும் ரிலே அங்கேயும் டிரிப் அடிக்கிறது.

1990-களில் பி53 இல்லாத சுண்டெலிகளை வைத்துச் சோதித்தார்கள். மூளை ரத்தக்குழாயை அடைத்தபோது சேதம் குறைவு. கைனிக் அமிலம் கொடுத்து வலிப்பு வரவழைத்தபோதும் நரம்பு செல்கள் தப்பின. அப்படியானால் அதைப் பிடுங்கி எறிந்துவிடலாமே என்றால், அப்படிப்பட்ட சுண்டெலிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆறு மாதத்துக்குள் கட்டி வந்துவிட்டது. ரிலேயை பைபாஸ் பண்ணினால் என்ன ஆகும் என்று எங்கள் மின்னியல் ஆட்களுக்குச் சொல்லவா வேண்டும்?

மூளையில் மட்டும், சில நாளுக்கு மட்டும் பிடித்து வைக்க வழி வேண்டும். பி53-ஐத் தற்காலிகமாகத் தடுக்கும் பிஃபித்ரின்-ஆல்ஃபா என்ற பொருள் 1999-இல் வெளிவந்தது. பக்கவாத மருந்தாக இன்னும் நம் கைக்கு வரவில்லை. பயோடெக் தம்பி தங்கைகள் யாராவது இதில் இறங்குவதாக இருந்தால் சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பிடியுங்கள். ரிலே செட்டிங் பற்றி நான் சொல்கிறேன், செல்லைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள்.