மாத்திரைப் பையும் மிட்டாய் டப்பாவும்

(கல்வி உதவி பெறும் மருத்துவ மாணவ, மாணவியர் சந்திப்பில் அறக்கட்டளையின் சார்பில் ஆற்றிய உரை)



நம் இலவச மருத்துவ நிலையத்துக்கு வயதான உம்மா ஒருவர் வருவார்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு, இதய பலவீனம் என எல்லாமே உண்டு. அவர்களின் மஞ்சள் பையைக் கவிழ்த்தால் ஒன்பது வகை மாத்திரைகள் விழும். எழுதிக் கொடுத்தவர்கள் மூன்று டாக்டர்கள். ஆனாலும் கால் வீக்கம் குறையவில்லை. "மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை" என்று எல்லோரும் கடிந்துகொண்டார்கள். நாங்களும்தான்.

ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டோம். நீர் பிரியும் மாத்திரை போட்டால் அடிக்கடி சிறுநீர் வரும். இங்கே வர இரண்டு பஸ் மாற வேண்டும், வழியில் கழிப்பறை கிடையாது. அதனால் வெளியே கிளம்பும் நாளெல்லாம் அந்த மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். அதைச் சொல்லக் கூச்சம். வீக்கத்தைப் பார்த்த டாக்டரோ அளவைக் கூட்டிவிட்டார்! விவரம் தெரிந்ததும், வெளியே போகும் நாளில் வீடு திரும்பிய பிறகு போடச் சொன்னார். வீக்கம் வடிந்தது. அல்ஹம்துலில்லாஹ். இந்த ஒரு கேள்வியைக் கேட்க எங்களுக்குப் பல மாதங்கள் ஆயின.

நாளொன்றுக்கு ஐந்து மாத்திரை என்றால் சொல்ல எளிது. தைராய்டு மாத்திரை காலையில் வெறும் வயிற்றில். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே சாப்பாடு. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு அதிலிருந்து நான்கு மணி நேர இடைவெளி. மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு. ரமலான் வந்தால் எல்லாவற்றையும் இஃப்தாருக்கும் ஸஹருக்கும் நடுவே அடக்க வேண்டும். டாக்டரிடம் கேட்டால் திட்டுவார் என்று பயந்து, தாங்களாகவே மாற்றிக்கொள்பவர்கள் நம் மஹல்லாவிலேயே இருக்கிறார்கள்.

வெளிநாட்டுக் கல்லூரிகள் சிலவற்றில் மாணவர்களுக்கு மாத்திரைக்குப் பதில் மிட்டாய் கொடுத்து, நோயாளியைப் போல வேளை தவறாமல் சாப்பிடச் சொல்கிறார்கள். இன்று உங்களுக்கும் ஒரு டப்பா தருகிறோம். ஐந்து நிற மிட்டாய், நேரம் எழுதிய சீட்டு, பத்து நாள். தவறிய வேளையையும் அதற்கான காரணத்தையும் ஒளிக்காமல் எழுதுங்கள். தூங்கிவிட்டேன், வகுப்பு இருந்தது, மறந்துவிட்டேன் என்று நீங்கள் எழுதப்போகும் காரணங்களைத்தான் நோயாளிகள் சொல்லப் பயப்படுகிறார்கள். இளம் வயதில், நோயின்றி, மிட்டாயையே நம்மால் ஒழுங்காகச் சாப்பிட முடியவில்லை என்று தெரிந்தால் அதுவே பெரிய பாடம்.

2022 முதல் உங்கள் பாடத்திட்டத்தில் குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் இருக்கிறது. அந்த வீடுகளுக்குப் போகும்போது மாத்திரைப் பையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். "ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்று கேட்காதீர்கள்; "ஆமாம்" என்றுதான் பதில் வரும். "இதில் எதைப் போடுவது சிரமமாக இருக்கிறது?" என்று கேளுங்கள். கேட்டதை உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள். நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

அல்லாஹ் உங்கள் கல்வியில் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.