சிறிய அரங்கின் திறந்த கதவு



பத்தாண்டு கண்ட இவ்வட்டத்தின் மேடையில், கடல்கடந்த ஓர் இசைவட்டத்தைப் பற்றிக் கூற விழைகின்றேன்.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 'டீன் ஐடில்ஸ்' என்னும் இளைஞர் இசைக்குழு 1980இல் கலைந்தது. நிகழ்ச்சிகளில் கிடைத்த பணத்தை அவர்கள் பங்கிட்டுக்கொள்ளவில்லை. அதைக்கொண்டு தம் பாடல்களை இசைத்தட்டாக்கினார்கள். 'டிஸ்கார்ட்' வெளியீட்டகம் பிறந்தது அவ்வாறுதான். தட்டின் உறைகளையும் தம் கைகளாலேயே மடித்து ஒட்டினார்கள். சிற்றிதழை மடித்துத் தைத்த விரல்களுக்கு அவ்வுழைப்பு புரியும்.

மது விற்கும் அரங்குகள் பலவற்றில் அன்று சிறுவயதினருக்கு இடமில்லை. தம் புறங்கையில் பெருக்கற்குறி இட்டுக்கொண்டு, குடிக்காமல் இசை மட்டும் கேட்க அனுமதி கோரினார்கள். அக்குழுவில் இருந்த இயன் மெக்கே பின்னர் 'ஃபுகாசி' குழுவைத் தொடங்கினார். 1987இல் வில்சன் மையத்தில் முதன்முதல் இசைத்த அக்குழு, புகழ் பெற்ற பின்னரும் எல்லா வயதினரையும் அனுமதித்தது; நுழைவுக் கட்டணத்தை 5 டாலர் அளவிலேயே வைக்க முயன்றது.

வாயிலில் தடுக்கப்பட்டவர்கள், வாயில் தம் வசமானபோது அதை அடைக்கவில்லை. நண்பர்களே, நாமும் ஒருகாலத்தில் வெளியே நின்றவர்கள்தாம். இன்று நம் முன்வரிசையில் இருப்போர் பத்தாண்டுக்கு முன் இருந்த அதே முகங்கள். முதற்கவிதையோடு தயங்கி நிற்கும் இளைஞனுக்கு, இளம்பெண்ணுக்கு, நம் கதவு திறந்திருக்கிறதா? பதினோராம் ஆண்டு இக்கேள்வியோடு தொடங்கட்டும்.