தறியோடு வந்தவர்கள்

பட்டு நெசவில் பேர்போன சௌராஷ்டிரர்களின் பூர்வீகம் குஜராத். விஜயநகரம் வழியாகத் தெற்கே வந்தவர்கள், நாயக்கர் காலத்தில் மதுரையில் அரண்மனையை ஒட்டிக் குடியேறினார்கள். நெசவாளர் ஊர் தேடும்போது வயலைப் பார்ப்பதில்லை. பட்டு வாங்க வசதியுள்ளவர், சாயம் அலசத் தண்ணீர், பாவு நீட்ட நேரான தெரு, இவை இருக்க வேண்டும். ஆதரிக்கும் அரசும் அமைந்தால் அதிர்ஷ்டம்தான். திண்டுக்கல்லில் நாகல்நகர் சௌராஷ்டிரர்களின் குடியிருப்பாயிற்று. மதுரைச் சாலையில் சற்றுத் தள்ளியுள்ள சின்னாளபட்டியில் தேவாங்கர் என்னும் நெசவுச் சமூகத்தினரும் தறி போட்டார்கள். அவ்வூர்ச் சுங்குடிச் சேலைக்குத் தமிழ்நாடெங்கும் பெயர் உண்டு. கடைத்தெருவில் தமிழ் பேசும் சௌராஷ்டிரக் குடும்பங்களில் வீட்டுக்குள் இன்றும் சௌராஷ்டிர மொழி புழங்குகிறது. அதற்குத் தனி எழுத்தும் உண்டு. வாசிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு.