தனுஷ்கோடித் துறையைக் கடந்தவர்கள்



நமது குண்டாற்றை ஆண்டின் பெரும்பகுதி மணலில் நடந்தே கடந்துவிடலாம். ஓடத்துறைக்கு இங்கே வேலையில்லை. ஆயினும், மழை பொய்த்துக் கண்மாய் வறண்ட காலங்களில், பழைய இராமநாதபுரம் சீமையின் ஏழை மக்கள் ஒரு துறையை நாடிச் சென்றனர். இரு நாடுகளுக்கு இடைப்பட்ட அக்கடல்துறையில், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் சுமார் 30 கிலோமீட்டர் தூரம்.

1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடி வரை ரயிலும், அங்கிருந்து நீராவிக் கப்பலும் ஓடத் தொடங்கின. அதற்கு முன்னர், பாய்மரத் தோணியில் மன்னார்க் கரையிறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கிப் பல நாள் நடந்தவர்கள் அநேகர். பேதியாலும் காய்ச்சலாலும் அவ்வழியில் மாண்டோர் ஆயிரக்கணக்கானோர். கப்பல் வந்தபின் அச்சாவு ஒழிந்தது. இதை ஒப்புக்கொள்வதே நேர்மை. ஆனால் கடன் ஒழியவில்லை.

தோட்டத்திற்குச் செல்வோரில் தாழ்த்தப்பட்ட மக்களே பெரும்பான்மையினர். மண்டபம் முகாமில் அவர்களைச் சில நாள் நிறுத்தி, நோய் சோதித்து, அம்மை குத்தி அனுப்பினர். கங்காணி தந்த முன்பணம் தொழிலாளியின் பற்றில் ஏறியது. 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது. கடனைத் தீர்த்தால் இவனை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதித்தரும் சீட்டு அது. அச்சீட்டின்றி வேறு தோட்டத்தில் வேலை கிடைப்பதரிது. தன்னை விலைபேசிய காகிதத்தை அவனால் படிக்க இயலவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள்! 1921இல்தான் அம்முறை சட்டத்தால் நீக்கப்பட்டது.

படிக்கத் தெரியாத காகிதம் ஒருபுறம். இல்லாத காகிதம் மறுபுறம். 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அங்கே பிறந்தவரிடமும், தந்தையாவது அங்கே பிறந்தவரா, அன்றேல் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்களா என்று கேட்டது. தோணியேறிப் போன பாட்டனின் பிறப்புக்கு யார் சான்று தருவார்? இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபரில் சாஸ்திரி, சிறிமாவோ இருவரும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும், 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பிரிக்கப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டனர். பிறந்த மண்ணை விட்டுப் போகிறவரிடம் 'தாயகம் திரும்புகிறீர்கள்' என்றனர். அச்சொல் எனக்கு இன்றளவும் உறுத்தலே.

ஒப்பந்தம் முடிந்த இரண்டாம் மாதமே, டிசம்பர் 22ஆம் நாள் இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியது. கலவரச் சூழலில் 1984இல் அதுவும் நின்றது. இந்தியா செல்லப் பதிவுபெற்றும் கப்பலின்றி அங்கேயே தங்கியோருக்கு, 2003ஆம் ஆண்டுச் சட்டமே இலங்கைக் குடியுரிமை தந்தது.

நம் ஊர்களில் அக்கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இருப்பின், வீட்டுத் தகரப்பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய கடவுச்சீட்டோ, குடும்ப அட்டையோ, தோட்டத்துப் பற்றுச்சீட்டோ கிடைத்தால் நகலெடுத்துச் சங்க நூலகத்தில் சேர்ப்பியுங்கள். மூலத்தை மட்டும் எவரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.