மண்ணுக்குள் மறையும் ஒப்பந்தம்



திருச்சானூரில் கார்த்திகைப் பிரம்மோற்சவம் நிறைவுறும் பஞ்சமி தீர்த்தத்தன்று, பத்ம சரோவரத்தில் நீராடக் குழுமும் பெருங்கூட்டத்தைத் திருப்பதிப் பக்கத்தில் வாழும் தமிழர் பலர் கண்டிருப்பீர்கள். அத்தனை பேரும் புழங்கிய நீர் எங்கே செல்கிறது என்று கேட்பவர் சிலரே. சுவர்ணமுகி ஆறு அருகிலேயே இருப்பதால், அது கேட்கத்தக்க கேள்விதான்.

பாதாளச் சாக்கடை அமைக்கத் துணியும் உள்ளாட்சி மன்றம், ஒப்பந்தப்புள்ளி கோரி அப்பணியை ஒருவரிடம் ஒப்படைக்கிறது. பாலம் கட்டினால் கண்ணுக்குத் தெரியும். குழாயோ மண் மூடியதும் மறைந்துவிடும். வாட்டம் தவறியிருப்பது, வீட்டுமுற்றத்தில் கழிவுநீர் எதிர்த்து வரும்போதுதான் புலப்படும். ஆகவே மண்ணை மூடுமுன் அளந்து, சோதித்து, அளவுப் புத்தகத்தில் பதிந்த பின்னரே பணம் தருதல் முறை.

இவ்வகையில் நாம் அறியவேண்டிய ஊர், சென்னையை அடுத்த ஆலந்தூர். அது 2011இல் மாநகராட்சியுடன் இணையுமுன் தனி நகராட்சியாக இருந்தது. 1990களின் பிற்பகுதியில், ஆர். எஸ். பாரதி தலைவராயிருந்தபோது, வீட்டிற்கு 5,000 ரூபாய் வீதம் மக்களிடமே வைப்புத்தொகை திரட்டப்பட்டது. சாக்கடைக்கு முன்பணம் கட்ட எவர் முன்வருவார் என்று நகைத்தோரும் உண்டு. மக்கள் கட்டினார்கள்.

அங்கு ஒப்பந்தம் இருவகையாய் அமைந்தது. குழாய் பதித்தலுக்கு, முடித்த வேலையின் அளவுக்கேற்பப் பணம். சுத்திகரிப்பு நிலையத்திற்கோ, ஒப்பந்தக்காரரே தம் முதலில் கட்டி, ஆண்டுகள் சில நடத்தி, பின்னர் ஒப்படைக்கவேண்டும். சுத்திகரித்த நீரின் அளவுக்கேற்ப அவருக்குக் கட்டணம். வரும் நீர் குறைந்தாலும், ஒரு குறைந்தபட்ச அளவுக்கு நகராட்சி பணம் தந்தே ஆகவேண்டும். வீடுகளை இணைக்காமல் சோம்பியிருந்தால் நட்டம் நகராட்சிக்கே! என் கருத்தில், அந்த ஒப்பந்தத்தின் கூர்மையான பகுதி இதுவே.

ஆனால், யாத்திரைத் தலத்தில் இதனை அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது. ஆண்டின் எல்லா நாளும் பஞ்சமி தீர்த்தமன்று. திருவிழாக் கூட்டத்தைக் கொண்டு உறுதியளவைக் குறித்தால், வாராத நீருக்கும் ஊரார் பணம் கட்டுவர். சாதாரண நாளைக் கொண்டு குழாயின் விட்டத்தைக் குறித்தாலோ, விழாவன்று தெருவில் பொங்கும். அதற்கஞ்சி மிகப் பெருத்த குழாயைப் பதித்தால், மற்ற நாள்களில் நீர் மெல்ல ஊர்ந்து கசடு தங்கிவிடும்.

எனவே விட்டம், உறுதியளவு என்னும் இரண்டு எண்களும் எந்த நாளின் கணக்கில் எழுதப்பட்டன என்பதைக் கையெழுத்தாகுமுன் கேட்டறியுங்கள். ஊராட்சியாயின், வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும், எம்மொழி பேசுபவராயினும், கிராம சபையின் உறுப்பினரே. அங்கு எழுந்து கேட்கலாம்.