ஈட்டுக் கடனும் நம் சிறு வணிகர்களும்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



பழவேற்காடு ஏரியை நம்பி மீனும் இறாலும் நண்டும் வாங்கி விற்கும் நம் மக்களில் பலர், சொந்த வீடு ஒன்றுக்காக முதலில் வங்கி வாசலுக்கும், அங்கே மறுக்கப்பட்டபின் வட்டிக்காரர் வாசலுக்கும் செல்வதைக் காண்கின்றோம். எனவே மார்க்கச் சட்டத்தையும் நாட்டு நடைமுறையையும் இன்று சேர்த்தே பேச விரும்புகின்றோம்.

ஈடு வைப்பது மார்க்கத்தில் குற்றமன்று. நபி (ஸல்) அவர்கள் தம் போர்க்கவசத்தை ஒரு யூத வணிகரிடம் ஈடாக வைத்து வாற்கோதுமை பெற்றதை ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. ஃபிக்ஹு நூல்களில் 'ரஹ்ன்' என்று இதற்குத் தனிப் பாடமே உண்டு. திருமறையின் மிக நீண்ட வசனமும் கடனை எழுதி வைப்பது பற்றியதே. தடுக்கப்பட்டது ஈடு அன்று. கடனின்மேல் ஏறும் வட்டியே.

இங்கே போக்கியத்தைப் பற்றியும் ஒரு சொல். சில லட்சங்களைக் கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, காலம் முடிந்ததும் முழுத் தொகையையும் திரும்பப் பெறுவதை நம்மில் பலர் ஹலால் என்றே எண்ணுகின்றனர். கொடுத்த தொகை கடன். அக்கடனால் அடையும் குடியிருப்பு அதன்மேல் பெறும் ஆதாயம். அது வட்டியின் இனத்தைச் சேர்ந்தது என்பதே ஃபிக்ஹு அறிஞர்கள் பெரும்பாலோரின் கூற்று. வங்கியைக் கண்டால் அஞ்சுபவர் போக்கியத்தைக் கண்டும் சற்று அஞ்சுவது நல்லது.

வங்கி ஏன் நம்மவர்க்கு மறுக்கின்றது? மாதச் சம்பளக்காரர் சம்பளச் சீட்டைக் காட்டிவிடுகிறார். வணிகரிடம் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்குகளைக் கேட்கின்றனர். ஆண்டுக்கு ஐம்பது லட்சம் புரளும் கடைக்காரர், வரிக்கு அஞ்சி 2,40,000 ரூபாய் மட்டுமே இலாபம் எனக் காட்டினால், வங்கிக்கு அவர் மாதம் 20,000 ரூபாய் வருமானக்காரர்தாம். அதில் பாதியளவே தவணைக்கு என்று கணக்கிடுவர். பச்சை மீனுக்கு ஜி.எஸ்.டி. இல்லாததால் அந்தக் கணக்கும் கையில் இராது. எனவே விற்பனைப் பணத்தை வங்கிக் கணக்கின் வழியே செலுத்துங்கள். 2020 முதல் நடைமுறையிலுள்ள உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள். உண்மை இலாபத்தையே எழுதுங்கள். அரசிடம் ஒரு கணக்கும் வங்கியிடம் வேறொரு கணக்கும் காட்டுவது பொய்ச் சாட்சியின் வாசலாகும்.

அடுத்தது நிலம். கடற்கரை ஒழுங்காற்று மண்டலத்திற்குள் வரும் மனைக்கும், புறம்போக்கில் கட்டிய வீட்டிற்கும் வங்கி வழக்கறிஞர் ஒப்புதல் எழுதமாட்டார். பட்டாவும் வில்லங்கச் சான்றும் ஒத்துப்போக வேண்டும். அங்கீகாரமற்ற மனைப் பிரிவுகளைப் பொறுத்தவரை, 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவானவற்றை வரன்முறைப்படுத்தும் திட்டத்தை அரசு 2017-இல் கொண்டுவந்தது. வாங்கும் மனை அவ்வாறு வரன்முறை செய்யப்பட்டதா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள். வக்ஃபு நிலத்தில் குடியிருப்போர் அதனை அடமானம் வைக்க இயலாது. அத்தகைய அடமானம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று வக்ஃபு சட்டத்தின் 2013-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறிவிட்டது.

கணக்கொன்றைக் கூறுவோம். பத்து லட்சம் ரூபாயை 9 சதவீதத்தில் இருபது ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 9,000. மொத்தம் கட்டுவது 21 லட்சத்து 60 ஆயிரம் அளவில். அதே தொகையை வெளியே மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 30,000 வட்டிக்கே போகும். அசல் அப்படியே நிற்கும். கந்து வட்டியைத் தடுக்க 2003-இல் தமிழக அரசு சட்டமே இயற்றியும் அது நம் தெருக்களை விட்டு அகலவில்லை.

மாற்று வழி இல்லையா எனில், உண்டு. நிதி தருபவரும் வாங்குபவரும் கூட்டாக வீட்டை வாங்கி, அவர் பங்கிற்கு வாடகை செலுத்திக்கொண்டே அப்பங்கைச் சிறிது சிறிதாக விலைக்கு வாங்கும் முறை (முஷாரகா முதனாகிஸா) பல நாடுகளில் நடக்கின்றது. ஒரே வீடு இருமுறை கைமாறுவதால் இருமுறை முத்திரைக் கட்டணம் விழும் சிக்கலைப் பிரிட்டன் 2003-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் நீக்கிற்று. இங்கோ ஒரு கிரயத்திற்கே முத்திரை 7 சதவீதம், பதிவு 2 சதவீதம். 2008-இல் ரகுராம் ராஜன் குழு வட்டியில்லா வங்கி முறையைப் பரிந்துரைத்தது. ஆயினும் அதனை மேற்கொள்வதில்லை என ரிசர்வ் வங்கி 2017-இல் தெரிவித்துவிட்டது. 1999-இல் ஐரோப்பிய ஃபத்வா மன்றம் அங்குள்ள முஸ்லிம்களுக்கு, வேறு வழியில்லாதபோது, குடியிருக்கும் ஒரு வீட்டிற்கு மட்டும் வங்கிக் கடனை அனுமதித்ததும், ஆலிம்கள் பலர் அதை மறுத்ததும் உண்மை. அது நம் ஊருக்குப் பொருந்துமென்று எவரும் தாமே முடிவு செய்ய வேண்டாம். நிர்ப்பந்தம் எது என்பதைத் தம் நிலையைக் கூறி ஆலிம்களிடம் நேரில் கேளுங்கள்.

முன்பே கடனில் இருப்போர்க்கு ஒரு முக்கியச் செய்தி. மாறும் வட்டியில் தனிநபர் பெற்ற வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லை. இது 2012 முதல் உள்ள விதி. கையில் சேர்ந்ததைக் கட்டி வட்டியிலிருந்து விரைந்து வெளியேறுங்கள். கட்டி முடித்தால் 30 நாட்களில் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு.

தவணை 90 நாட்கள் நிலுவையானால் அது வாராக் கடன். பிறகு 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் அறிவிப்பு வரும். அதன்பின் வீட்டைக் கையகப்படுத்தலாம். அந்நடவடிக்கையை எதிர்த்துக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுக 45 நாட்களே அவகாசம். அறிவிப்பைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிடுவோர் இதை நினைவில் கொள்க.

ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. கடல் மீனை நம்பிய நம் வணிகர் தவணை தவறுவது அம்மாதங்களில்தான். ஒரு வீட்டை முழுதாக வாங்கித் தரும் வலிமை ஒரு சிற்றூர் பைத்துல்மாலுக்கு இராது. ஆனால் அந்த இரண்டு மாதத்தில் ஒருவர் வட்டிக்காரரிடம் போகாதிருக்கும்படி, அவருடைய இல்லச் செலவுக்குக் கர்ழன் ஹஸனா தர முடியும். பருவம் தொடங்கியதும் சிறு தவணைகளில் திரும்பப் பெறலாம். எழுத்தும் இரு சாட்சிகளும் இருக்கட்டும். இதனைக் கமிட்டியார் இவ்வாண்டே ஆலோசிக்க வேண்டுகின்றோம்.

இறந்தவரின் சொத்தில் கடனை அடைத்த பின்னரே வாரிசுப் பங்கு. ஆதலால் கடன் பத்திரம் எங்குள்ளது, மீதம் எவ்வளவு என்பதை இன்றிரவே இல்லத்தாரிடம் கூறி வையுங்கள்.

வஸ்ஸலாம்.